விண்டோஸ் இல்லாத மடிக்கணினியைக் கோவையில் கேட்டு வாங்குவது எப்படி?

கோத்தகிரி_கொழுந்து எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். கோத்தகிரிக்கு அருகில் ஒரு சிற்றூரில், சிறு தேயிலை விவசாயிகள் சேர்ந்து நடத்தும் குழு ஒன்றின் கணக்கை நான் பார்த்து வருகிறேன். உறுப்பினர்கள் பறித்துக் கொண்டுவரும் பச்சைத் தேயிலையின் எடை, ஈரத்துக்காகக் கழித்த எடை, தொழிற்சாலைக்கு அனுப்பிய எடை, மாத இறுதியில் ஒவ்வொருவருக்கும் சேர வேண்டிய தொகை ஆகிய எல்லாம் இன்றுவரை பேரேட்டிலும், என் தம்பி மகன் விட்டுச் சென்ற ஒரு பழைய மடிக்கணினியிலும் இருக்கின்றன. அதில் இருந்த விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் அந்தக் கணினியில் இல்லை. ஆகவே லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தை நிறுவி மூன்று மாதம் வேலை செய்து பார்த்தேன். எங்கள் கணக்குக்கும் கடிதங்களுக்கும் லிப்ரே ஆபிஸ் என்ற இலவச அலுவலக மென்பொருள் போதும் என்பது உறுதியாயிற்று. ஆனால் கணினிக்கே வயதாகிவிட்டது. கீல் உடைந்துவிட்டது, பேட்டரி கால் மணி நேரம்கூடத் தாங்குவதில்லை, மழைக்காலத்தில் மின்சாரம் போனால் அன்றைய எடைக்கணக்கு பாதியில் நின்றுவிடுகிறது. புதிய மடிக்கணினி ஒன்று வாங்குவதென்று கூட்டத்தில் முடிவு செய்திருக்கிறோம்.

பணம் உறுப்பினர்களுடையது. கிலோவுக்கு இத்தனை காசு என்று அவர்கள் விட்டுக்கொடுத்துச் சேர்ந்த பணத்தில், நாங்கள் பயன்படுத்தப்போகாத ஒரு பொருளுக்கு விலை கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. ஆகவே விண்டோஸ் போடப்படாத மடிக்கணினி வேண்டும் என்று கேட்டுக்கொண்டு சென்ற வாரம் கோவைக்கு இறங்கினேன். மூன்று கடைகளில் மூன்று விதமான பதில் கிடைத்தது. முதல் கடையில், அப்படி ஒன்று இப்போது வருவதே இல்லை என்றார்கள். இரண்டாவது கடையில், விண்டோஸ் இல்லாத "டாஸ் மாடல்" இருக்கிறது, ஆனால் அதற்கு வாரன்டி முழுமையாகக் கிடைக்காது என்றார்கள். மூன்றாவது கடையில், டாஸ் மாடலை எடுத்துக்கொள்ளுங்கள், விண்டோஸை நாங்களே இலவசமாகப் போட்டுத் தருகிறோம் என்றார்கள். இவற்றில் எது உண்மை, எது வியாபாரப் பேச்சு என்று பிரித்தறிய முடியாமல் வெறுங்கையோடு மலை ஏறினேன்.

விண்டோஸுடன்தான் வாங்க வேண்டும் என்றால், பிறகு அதன் விலையைத் திருப்பிக் கேட்க முடியுமா என்பதையும் அறிய விரும்புகிறேன். எங்கள் ஊரில் இணையம் மிகவும் மெதுவானது என்பதையும் கருத்தில் கொண்டு பதில் சொல்லுங்கள்.

குன்னூர்_சர்வீஸ் மறுமொழி:

வணக்கம் அண்ணா. குன்னூரில் கணினி பழுதுபார்க்கும் தொழிலில் பல ஆண்டுகளாக இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன். அத்தகைய மடிக்கணினிகள் வருகின்றன. வீட்டு உபயோகத்துக்கென்று காட்சிக்கு வைக்கும் மாடல்களில் குறைவாகவும், அலுவலகங்களுக்கென்று தயாரிக்கும் வரிசைகளில் சற்று அதிகமாகவும் வருகின்றன. திங்க்பேட், புரோபுக், வோஸ்ட்ரோ போன்ற பெயர்களைச் சொல்லிக் கேளுங்கள். பெட்டியின் மேல் ஒட்டிய தாளில் இயங்குதளம் என்ற இடத்தில் டாஸ், பிரீடாஸ், லினக்ஸ், லினக்ஸின் ஒரு வகையான உபுண்டு ஆகியவற்றில் ஏதாவது ஒன்று இருக்கும். கடையில் கையிருப்பு இல்லாவிட்டாலும், அந்த மாடலின் முழு எண்ணைக் குறிப்பிட்டால் விநியோகஸ்தரிடமிருந்து வரவழைத்துத் தருவார்கள். ஒரே பெயருள்ள மடிக்கணினியில் விண்டோஸ் உள்ளதற்கு ஓர் எண்ணும் இல்லாததற்கு வேறோர் எண்ணும் இருக்கும் என்பதால், பெயரை மட்டும் சொன்னால் போதாது.

பிரீடாஸ் என்பது 1994இல் ஜிம் ஹால் தொடங்கிய கட்டற்ற இயங்குதளம். பழைய எம்எஸ்-டாஸ் நிரல்களை இயக்குவதற்காக உருவானது. மடிக்கணினியில் அதைப் போட்டு அனுப்புவதற்குக் காரணம், இயங்குதளம் ஏதாவது ஒன்று இருக்கட்டும் என்பதுதான். கணினியைத் திறந்தால் கறுப்புத் திரையும் மின்னும் கோடும் மட்டும் தெரியும். அதைக் கண்டு கணினி கெட்டுப்போயிற்று என்று என்னிடம் தூக்கிக்கொண்டு வந்தவர்கள் உண்டு.

வாரன்டியைப் பற்றிக் கடைக்காரர் சொன்னதை அப்படியே ஏற்க வேண்டாம். தயாரிப்பாளர் தரும் வாரன்டி திரை, விசைப்பலகை, மதர்போர்டு ஆகிய வன்பொருளுக்கானது. விண்டோஸ் இல்லை என்பதால் அது குறைவதில்லை. பணம் கொடுப்பதற்கு முன்பே பெட்டியில் உள்ள வரிசை எண்ணைத் தயாரிப்பாளரின் இணையதளத்தில் இட்டுப் பாருங்கள். எத்தனை ஆண்டு, வீட்டுக்கு வந்து பார்ப்பார்களா, நாம்தான் சேவை மையத்துக்குக் கொண்டுபோக வேண்டுமா என்பதெல்லாம் தெரிந்துவிடும். மலைமேல் இருக்கிற நமக்கு அந்தக் கடைசிக் கேள்வி மிகவும் முக்கியம். மேட்டுப்பாளையம் வரை இறங்கி ஏறுவதற்கே ஒரு நாள் போய்விடும்.

மூன்றாவது கடைக்காரர் இலவசமாகப் போட்டுத் தருகிறேன் என்றது உரிமமற்ற விண்டோஸ். அதை உறுதியாக மறுத்துவிடுங்கள். அதை உரிமம் பெற்றதுபோல் காட்டுவதற்கு ஒரு சிறு நிரலை ஓட்டுவார்கள். அந்த நிரல் வேலை செய்வதற்காக வைரஸ் தடுப்பை முதலில் அணைத்துவிடுவார்கள். பிறகு அந்தக் கணினிக்குள் என்ன வந்து உட்கார்ந்திருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது. கோப்புகள் எல்லாம் பூட்டப்பட்டு, திறக்கப் பணம் கேட்கும் அறிவிப்போடு என் மேசைக்கு வந்த கணினிகளில் சில இப்படிப்பட்டவை. ஒரு குழுவின் வங்கிக் கணக்கைத் திறக்கும் கணினியில் அந்தத் துணிச்சல் கூடாது.

இன்னொன்றை அவசியம் செய்யுங்கள். பழைய கணினியில் மின்ட் நிறுவப் பயன்படுத்திய பென் டிரைவைக் கடைக்குக் கொண்டுபோங்கள். வாங்கவிருக்கும் மடிக்கணினியை, எதையும் நிறுவாமல், அந்தப் பென் டிரைவிலிருந்தே இயக்கிக் காட்டச் சொல்லுங்கள். உங்கள் கைபேசியின் ஹாட்ஸ்பாட்டில் வைஃபை இணைகிறதா, ஒலி வருகிறதா, கேமரா தெரிகிறதா, மூடியை மூடித் திறந்தால் விழித்துக்கொள்கிறதா, தொடுபலகையில் இரண்டு விரலால் நகர்த்த முடிகிறதா என்று பாருங்கள். பத்து நிமிட வேலை இது. இன்டெல் வைஃபை உள்ளவை பெரும்பாலும் தொல்லையில்லாமல் இணையும். வேறு சில சில்லுகளுக்குப் புதிய கெர்னல், அதாவது லினக்ஸின் மையப்பகுதி, தேவைப்படும். மிகப் புதிய மாடலாக இருந்தால் மின்ட்டின் மிக அண்மைய பதிப்பைப் பென் டிரைவில் வைத்திருப்பது நல்லது. வன்தட்டே தெரியவில்லை என்று வந்தால் பதற வேண்டாம். கணினி தொடங்கும்போது திறக்கக்கூடிய பயாஸ் அமைப்பில், வன்தட்டு இயங்கும் முறை இன்டெல் ஆர்எஸ்டி அல்லது விஎம்டி என்று இருப்பதை ஏஎச்சிஐ என்று மாற்றினால் பெரும்பாலும் தெரிந்துவிடும். பென் டிரைவைச் சொருக அனுமதிக்காத கடையில் வாங்காதீர்கள்.

உதகை_கணக்கர் மறுமொழி:

குன்னூர் நண்பர் சொன்னவற்றோடு எனக்கு முரண்பாடு இல்லை. ஆனால் எந்த வேலைக்கு எந்த மென்பொருள் என்பதை முடிவு செய்யாமல் இயங்குதளத்தை முடிவு செய்யக் கூடாது என்று எச்சரிக்க விரும்புகிறேன். உதகையில் வரிக் கணக்குகள் தயாரிக்கும் தொழில் செய்கிறேன். என் அலுவலகத்தில் விண்டோஸ் இல்லாமல் ஒரு நாளும் ஓடாது. டேலி என்ற கணக்கு மென்பொருள் விண்டோஸில் மட்டுமே இயங்கும்படி தயாரிக்கப்படுகிறது. மின்னணுக் கையொப்பத்துக்கான யுஎஸ்பி டோக்கன்களுள் சிலவற்றுக்கு லினக்ஸ் ஓட்டி (டிரைவர்) கிடைத்தாலும், கையொப்பமிடும் துணைநிரலையும் அதனோடு இணைத்து ஓடவைப்பதற்குள் தாக்கல் செய்ய வேண்டிய கடைசி நாள் கடந்துவிடும். செலவை மிச்சம் பிடிப்பதாக எண்ணி டாஸ் மாடல் வாங்கிவிட்டு, ஆறு மாதம் கழித்துச் சில்லறை விலையில் தனியாக விண்டோஸ் உரிமம் வாங்கியவர்களை அறிவேன். கணினியோடு சேர்ந்து வரும்போது உள்ள விலையைவிடத் தனியாக வாங்கும்போது அது அதிகம்.

உங்கள் குழுவைப் பொறுத்தவரை நிலைமை அவ்வளவு சிக்கலானதாக இருக்காது என்றும் நினைக்கிறேன். பதப்படுத்தப்படாத பச்சைத் தேயிலைக்கு ஜிஎஸ்டி கிடையாது. தூளாகிய பிறகுதான் வரி வருகிறது. தம் நிலத்தில் விளைந்ததை மட்டும் விற்கும் விவசாயி ஜிஎஸ்டியில் பதிவு செய்ய வேண்டியதும் இல்லை. குழுவின் பெயரில் வேறு வியாபாரம், உரம் வாங்கி விற்பது போன்றது, ஏதாவது நடக்கிறதா? தணிக்கையாளர் கணக்கை டேலியில் கேட்கிறாரா, தாளில் கேட்கிறாரா? கடிதங்களை எந்தத் தமிழ் எழுத்துருவில் வைத்திருக்கிறீர்கள்? அச்சுப்பொறி என்ன? இவற்றுக்குப் பதில் தெரிந்த பிறகு வாங்குங்கள்.

கோத்தகிரி_கொழுந்து மறுமொழி:

இருவருக்கும் நன்றி. கணக்கர் ஐயா கேட்டவற்றுக்குப் பதில் சொல்கிறேன். குழுவின் பெயரில் வேறு வியாபாரம் எதுவும் இல்லை. தணிக்கையாளர் ஆண்டுக்கு ஒருமுறை வந்து அச்சிட்ட தாள்களையும் வங்கிப் புத்தகத்தையும் பார்ப்பார், டேலி கேட்டதில்லை. வங்கிக்கு உலாவியே போதும்; ஒருமுறைக் கடவுச்சொல் என் கைபேசிக்கு வருகிறது. அச்சுப்பொறி இன்னும் வாங்கவில்லை. இப்போது கடைத்தெருவில்தான் அச்செடுக்கிறோம்.

எழுத்துருதான் எனக்கும் கவலையாக இருக்கிறது. 2006 முதல் எழுதிய தீர்மானங்களும், தேயிலை வாரியத்துக்கும் மாவட்ட நிர்வாகத்துக்கும் அனுப்பிய கடிதங்களும் வானவில் எழுத்துருவில் இருக்கின்றன. மின்ட்டில் திறந்தால் ஆங்கில எழுத்துகளும் குறிகளுமாகத்தான் தெரிகின்றன. நான் தட்டச்சு கற்றது பழைய தட்டச்சுப்பொறி முறையில்.

பந்தலூர்_ஆசிரியை மறுமொழி:

ஐயா, எழுத்துருவைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டியதில்லை. வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் தமிழ் எழுத்தின் வடிவத்தை ஆங்கில எழுத்தின் இடத்தில் வைத்திருந்தார்கள். கோப்புக்குள் உண்மையில் இருப்பது ஆங்கில எழுத்துதான். எழுத்துரு அதற்குத் தமிழ் முகம் கொடுத்தது. ஆகவே எழுத்துரு இல்லாத எந்தக் கணினியில் திறந்தாலும், அது விண்டோஸாக இருந்தாலும், இப்படித்தான் தெரியும். பழைய கணினியில் நீங்கள் முறையாக வாங்கிய அந்த எழுத்துருக் கோப்பு இருந்தால், அதைப் புதிய கணினியில் இருமுறை சொடுக்கி நிறுவிவிடுங்கள். கடிதங்கள் பழையபடி தெரியும். ஆனால் அதோடு நின்றுவிடாமல், ஓய்வு கிடைக்கும்போது ஒவ்வொன்றாக யூனிகோடுக்கு மாற்றி வையுங்கள். தமிழ்நாடு அரசு 2010இலேயே யூனிகோடை ஏற்று ஆணை பிறப்பித்துவிட்டது. வானவில்லில் இருக்கும் கோப்பில் ஓர் உறுப்பினரின் பெயரைத் தேடினால் கிடைக்காது; யூனிகோடில் தேடினால் கிடைக்கும். இருபது ஆண்டுத் தீர்மானங்களில் எதையாவது தேட நேரும்போது அதன் அருமை தெரியும். மாற்றியபின் ஒற்றெழுத்துகளையும் ஒகர ஓகாரங்களையும் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள், அங்கேதான் பிழை வரும்.

தட்டச்சுக்கு, மின்ட்டின் உள்ளீட்டு முறைகளில் ஐபஸ்-எம்17என் என்பதைச் சேர்த்தால், 1999இல் அரசு ஏற்ற தமிழ்99 விசைப்பலகையும் நீங்கள் கற்ற தட்டச்சுப்பொறி முறையும் அதிலேயே இருக்கின்றன. விரல் பழகியதை மாற்ற வேண்டியதில்லை.

இன்னொரு செய்தியையும் சொல்ல விரும்புகிறேன். பந்தலூரிலிருந்து பார்த்தால் கேரளம் எங்களுக்குப் பக்கத்து ஊர். வயநாட்டுப் பக்கம் உள்ள அரசுப் பள்ளிகளில், கைட் என்ற அந்த மாநில அரசு நிறுவனம் உபுண்டுவை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கிய லினக்ஸில்தான் பிள்ளைகள் கணினி கற்கிறார்கள். நம் மாநிலத்திலும் 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், விண்டோஸோடு மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் கொடுக்கப்பட்டது. என் மாணவர்கள் பலர் அதைத் திறந்தே பார்க்கவில்லை. பார்க்கும்படி அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. ஒரு விவசாயக் குழு தானே முன்வந்து இதைக் கேட்கிறது என்பதில் எனக்கு உண்மையான மகிழ்ச்சி.

இணையம் மெதுவானது என்றீர்கள். மின்ட்டின் நிறுவல் கோப்பு ஏறக்குறைய 3 ஜிபி இருக்கும். வேகமான இணைப்புள்ள யாரிடமாவது இறக்கச் சொல்லி, கோப்பு சிதையாமல் இறங்கியதா என்று காட்டும் சரிபார்ப்பு எண்ணை ஒப்பிட்டுவிட்டு, பென் டிரைவில் வாங்கிக்கொள்ளலாம். கட்டற்ற மென்பொருள் என்பதால் நகலெடுத்துக் கொடுப்பதும் வாங்குவதும் சட்டப்படி முறையானவையே. விண்டோஸ் 11 ஹோம் பதிப்பை முதன்முதலாக இயக்கும்போதே இணைய இணைப்பையும் மைக்ரோசாஃப்ட் கணக்கையும் கேட்கிறது. மின்ட்டை இணையமே இல்லாமல் நிறுவி வேலையைத் தொடங்கலாம்.

கொடைக்கானல்_நிரலர் மறுமொழி:

பழனி மலையிலிருந்து வணக்கம். விலையைத் திருப்பிக் கேட்க முடியுமா என்ற கேள்விக்கு இதுவரை யாரும் பதில் சொல்லவில்லை என்பதால் எழுதுகிறேன்.

இந்தப் பிரச்சினை பழையது. 1990களின் தொடக்கத்தில், கணினியில் எம்எஸ்-டாஸ் போட்டாலும் போடாவிட்டாலும், விற்பனைக்கு அனுப்பும் ஒவ்வொரு கணினிக்கும் உரிமத் தொகை செலுத்தும்படி மைக்ரோசாஃப்ட் நிறுவனம் தயாரிப்பாளர்களோடு ஒப்பந்தம் செய்துகொண்டிருந்தது. அமெரிக்க நீதித் துறையோடு 1994இல் ஏற்பட்ட உடன்பாட்டில் அந்த முறை கைவிடப்பட்டது. ஆனால் எல்லாக் கணினியிலும் அதையே போட்டு விற்கும் பழக்கம் அதற்குள் வேரூன்றிவிட்டது. 1999 பிப்ரவரி 15 அன்று கலிபோர்னியாவில் லினக்ஸ் பயனர்கள் மைக்ரோசாஃப்ட் அலுவலகத்துக்கே சென்று, பயன்படுத்தாத விண்டோஸுக்கான பணத்தைத் திருப்பிக் கேட்டார்கள். இத்தாலியின் உச்ச நீதிமன்றம் 2014இல் வாங்கியவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. ஆனால் 2016இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம், மென்பொருளோடு சேர்த்துக் கணினியை விற்பது அதனளவில் முறையற்ற வணிகம் ஆகாது என்றும், மென்பொருளின் விலையைத் தனியாகக் காட்டாததும் தவறாகாது என்றும் கூறிவிட்டது.

இவை அனைத்தும் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் நடந்தவை. கோவைக் கடையில் இவற்றைக் காட்டிப் பேச இயலாது. நமக்குப் பொருந்துவது, கணினியோடு வரும் விண்டோஸின் உரிம விதிகளில் உள்ள ஒரு வாசகம். விதிகளை ஏற்காவிட்டால் பயன்படுத்தாமல், திருப்பித் தருவது குறித்துத் தயாரிப்பாளரையோ நிறுவியவரையோ கேட்க வேண்டும். அவர்களின் கொள்கைப்படி கணினி முழுவதையுமே திருப்பித் தர நேரலாம் என்று அதில் இருக்கிறது. ஆகவே, ஒருமுறை பில் போட்டுவிட்டால், விண்டோஸின் விலையை மட்டும் திரும்பப் பெறலாம் என்று நம்பிப் பணம் கொடுக்காதீர்கள். கேட்க வேண்டிய இடம் பில்லுக்கு முன்புதான். பில்லிலும் இயங்குதளம் இல்லை அல்லது டாஸ் என்று எழுதி வாங்குங்கள். குழுவின் கணக்கில் அது ஆவணமாக இருக்கும்.

வேறு வழியின்றி விண்டோஸ் உள்ளதையே வாங்க நேர்ந்தால் வருந்த வேண்டாம். விண்டோஸ் 8 காலம் முதல் உரிம எண் மதர்போர்டில் பதிந்திருக்கும் ஃபர்ம்வேர் என்ற அடிப்படை மென்பொருளிலேயே எழுதப்பட்டு வருகிறது. நீங்கள் வன்தட்டை முழுவதும் துடைத்து மின்ட் போட்டாலும் அந்த உரிமம் அழியாது. பின்னாளில் தேவைப்பட்டால் அதே பதிப்பை மீண்டும் நிறுவிக்கொள்ளலாம். கணக்கர் ஐயாவின் அச்சத்துக்கு அது ஓரளவு பதிலாகும். மேலும், பயாஸ் மேம்பாடுகளை லினக்ஸிலிருந்தே எஃப்டபிள்யுஅப்டி என்ற கருவி வழியாகப் பெறும் வசதி அலுவலக வரிசை மாடல்களில்தான் அதிகம். மலிவான வீட்டு மாடல்கள் பலவற்றில் அது விண்டோஸ் நிரலாக மட்டுமே வரும். குன்னூர் நண்பர் சொன்ன வரிசைகளைத் தேர்ந்தெடுக்க இதுவும் ஒரு காரணம்.

உதகை_கணக்கர் மறுமொழி:

ஃபர்ம்வேரில் உரிம எண் இருப்பது எனக்குப் புதிய செய்தி. குழுவின் வேலை நீங்கள் விவரித்த அளவில்தான் என்றால், டாஸ் மாடலையே வாங்குங்கள். என் தயக்கத்தை விலக்கிக்கொள்கிறேன். லிப்ரே ஆபிஸ் கோப்பை மட்டும் நம்பாமல், மாதந்தோறும் பிடிஎஃப் ஆகவும் ஒரு நகல் எடுத்து வைக்கச் சொல்வேன். தணிக்கையில் அதுதான் உதவும்.

கோத்தகிரி_கொழுந்து மறுமொழி:

நேற்று வாங்கிவிட்டோம். குழுவின் தலைவரும் உடன் வந்தார். நான்காவதாக ஒரு கடையில், அலுவலக வரிசையைச் சேர்ந்த டாஸ் மாடல் ஒன்றை இரண்டு நாளில் வரவழைத்துத் தந்தார்கள். அதே மாடல் விண்டோஸுடன் இருப்பதைவிட நாலாயிரத்துச் சொச்சம் ரூபாய் குறைவு. வரிசை எண்ணை அங்கேயே இட்டுப் பார்த்தோம். மூன்று ஆண்டு வாரன்டி முழுமையாக இருந்தது.

பென் டிரைவைச் சொருகி மின்ட்டை இயக்கியபோது கடையின் இளைஞர்கள் இருவர் அருகில் வந்து நின்று பார்த்தார்கள். வைஃபை இணைந்தது, ஒலி வந்தது, மூடித் திறந்தபோது விழித்துக்கொண்டது. விரல்ரேகை மட்டும் வேலை செய்யவில்லை. எங்களுக்கு அது தேவையில்லை என்பதால் ஏற்றுக்கொண்டோம். பில்லில் "டாஸ்" என்று எழுதி வாங்கினேன். எங்கள் ஊருக்கு வந்த பிறகு, இணையம் இல்லாமலேயே முக்கால் மணி நேரத்துக்குள் நிறுவி முடித்து, வானவில் எழுத்துருவையும் சேர்த்தேன். 2006ஆம் ஆண்டின் முதல் தீர்மானம் திரையில் தமிழில் தெரிந்தது. அதில் கையெழுத்திட்டவர்களுள் மூவர் இன்று இல்லை. அதைத்தான் முதலில் யூனிகோடுக்கு மாற்றப் போகிறேன்.

மிச்சமான தொகையோடு இன்னும் கொஞ்சம் சேர்த்து அச்சுப்பொறி வாங்கலாம் என்று தலைவர் சொல்கிறார். குன்னூர்த் தம்பி, லினக்ஸில் சிரமமில்லாமல் இயங்கும் கறுப்பு வெள்ளை லேசர் அச்சுப்பொறி எது என்று சொன்னால் உதவியாக இருக்கும்.

குன்னூர்_சர்வீஸ் மறுமொழி:

மகிழ்ச்சி அண்ணா. ஐபிபி எவரிவேர் அல்லது ஏர்பிரிண்ட் என்று பெட்டியில் போட்டிருக்கும் அச்சுப்பொறியாகப் பாருங்கள். அவற்றுக்குத் தனி ஓட்டியே தேவையில்லை. எச்பியில் வாங்கினால் எச்பிஎல்ஐபி என்ற தொகுப்பு மின்ட்டிலேயே கிடைக்கிறது, பிரதர் நிறுவனமும் லினக்ஸுக்கு ஓட்டி தருகிறது. கேப்ட் என்ற தனி மொழியில் இயங்கும் பழைய கேனான் லேசர் மாடல்களை மலிவு விலைக்குக் கொடுத்தாலும் தவிர்த்துவிடுங்கள். அவற்றை லினக்ஸில் நிறுவுவது கடினம். வாங்குவதற்கு முன் மடிக்கணினியை எடுத்துக்கொண்டு வாருங்கள், என் கடையில் இரண்டு வகை இருக்கின்றன, ஒரு மாத எடைக்கணக்கை அச்சிட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம்.